வகாரம்

ஜனவரி பதினொன்று, காலை ஐந்து இருபது.
ஓபர்பார்மன் நிலையப் படியெல்லாம் உறைபனி.
நான் விழவில்லை, படிதான் எழும்பி வந்து
வாயில் இடித்தது என்று
சலவைக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன்.
சிரித்த பிறகுதான்
எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

மேல்வரிசை, இடது, நட்டநடு.
இருபத்தொன்று என்று அதற்கு இலக்கமாம்.
நாற்பத்தாறு வருசம் கூடவே இருந்ததற்கு
இலக்கம் உண்டென்று
போன பிறகுதான் தெரிந்தது.

மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் வகாரம்.
வீடு, வேலை, வாடகை, வலி,
ஏன், இந்த வுப்பர்டாலே
அந்த ஒரு தொடுகையில்தான் நிற்கிறது.
இப்போது அந்த இடத்தால் காற்றுப் போகிறது.
காப்புறுதிக்காரியிடம் தொலைபேசியில் பெயர் சொன்னேன்,
மூன்று தரம், எழுத்துக் கூட்டியும்.
கடிதம் வந்தது:
மதிப்புக்குரிய திருமதி பாகீஸ்வரி.

டொக்டர் பிரிங்ஹவுஸ் இரண்டு தாள் வைத்தார்.

ஒன்று பாலம்.
இருபக்கத்துப் பற்களையும் அராவி முளையாக்கி
மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொப்பி.
மூன்று கிழமையில் முடிந்துவிடும்.
காப்புறுதி பாதிக்குக் கிட்டக் கொடுக்கும்.
தொப்பிக்கு அடியில் எலும்பு மெல்ல மெல்லத் தேயும்,
அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

மற்றது திருகாணி.
எலும்புக்குள் டைட்டானியம், அதன் தலையில் பல்.
ஆறு மாதம் பொறுக்கவேண்டும்.
என் கையால் மூவாயிரத்து நானூறு.

எது நல்லது?
எதற்கு நல்லது என்பதைப் பொறுத்தது, என்றார்.
இப்படிப் பதில் சொல்ல
எத்தனை வருசம் படிக்கவேண்டுமோ.

திரும்பும்போது தொங்குரயில்.
கீழே ஆறு கறுப்பாய் ஓடியது.
இரு கரையிலும் கால் அகட்டி நிற்கிற இரும்பு.
நடுவில் ஒன்றும் ஊன்றாமல்
நூற்றிருபது வருசத்துக்கு மேலாய்
பக்கத்தைப் பிடித்துத்தானே ஓடுகிறது,
பாலமே போதும் என்று தீர்மானித்தேன்.
அடுத்த நிலையத்தில்
தீர்மானம் இறங்கிப் போய்விட்டது.

இரவு கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கினேன்.
பதினொன்று. இருபத்திரண்டு.
ஒரு கீறல் இல்லை, ஒரு சொத்தை இல்லை.
பக்கத்து வீடு இடிந்ததற்கு
இதுகளின் சுவரையா செதுக்குவது?

திருகாணிதான் என்று சொல்லப் போனேன்.
படம் எடுத்துப் பார்த்துவிட்டு
எலும்பு மெல்லிசு, கொஞ்சம் நிரப்பவேண்டும் என்றார்.
எதால்?
மாட்டெலும்புத் தூள், நன்றாகச் சுத்திகரித்தது.

வெள்ளிக்கிழமையில்
முட்டை சேர்த்த கேக்கையும் தொடாதவள் நான்.

குகதாசன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டார்:
நெற்றியில் பூசுகிறது என்ன? சாணம் சுட்ட சாம்பல்.
நெற்றியில் இருக்கலாமான மாடு
தாடையில் இருந்தால் என்ன?
சாணம் மாடு தந்தது, எலும்பு நாங்கள் எடுத்தது,
என்றேன்.
அவர் கத்தியை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் கிழங்கைப் பார்த்தார்.
பிறகு, தொலைபேசி எடுத்துக் கேள், வேறு தூள் இருக்குமோ.

இருந்தது. செயற்கை.
இன்னும் இருநூற்று ஐம்பது.
மேலதிகமாய்ப் பதினேழு சனிக்கிழமை
ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள்.
கணக்கை நாட்காட்டியில் பென்சிலால் எழுதினேன்,
அழிக்கவும் வசதியாக.

ஒப்பமிடப் போன அன்றும் வாய்க்குள்
அந்தத் தற்காலிகப் பிளாஸ்டிக் வழுகிக்கொண்டுதான் இருந்தது.
செலவுத் திட்டத்தின் அடியில், புள்ளிக்கோட்டில்,
தமிழில் எழுதினேன்.
எழுதுகிறதுக்குப் பல் வேண்டாம்.

வரவேற்பில் இருந்த பெட்டை
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இதில் எது உங்கள் பெயரின் முதலெழுத்து?

விரல் வைத்துக் காட்டினேன்.